டீச்சர் குடியிருக்கிற ரூமு

வாம்மா, உள்ள வா. செருப்ப அங்கியே வுட்டுடு. போர்டப் பாத்துட்டு வந்தீங்களா, மாடி ரூமுக்கு? காட்டறேன், காட்டாம எங்க போறேன். மொதல்ல உக்காரு. வாசல்ல வண்டி மேலயே உக்காந்துனு இருக்காரே, அது உன் வூட்டுக்காரரா? ஹெல்மெட்டக் கழட்டச் சொல்லும்மா, இந்த வெயில்ல மண்டை வெந்துடப் போவுது. அவர மாடிக்கு அனுப்பிடு. எங்க வூட்டுக்காரரு மேலதான் இருக்காரு, ரூம அவரு காட்டுவாரு. நாம ரெண்டு பேரும் இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து பேசுவோம். இந்தா, மோரு குடி.

ரூமு நல்ல ரூமு. இந்த ஓட்டேரில அந்த மாதிரி காத்து உனக்கு எங்கயும் கெடைக்காது. ஒரே ஒரு சின்ன விஷயம் இருக்கு, அத முன்னாடியே சொல்லிடறேன். நான் எதையும் மறைச்சுப் பேசறவ இல்ல. மாடில புறா இருக்கு.

எனக்குப் புறான்னாலே ஆவாது. அதையும் சொல்லிடறேன். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். வந்த மொத நாளு இந்த மனுஷன் என்னைக் கூட்டிக்கினு போய்க் காட்டினது எத தெரியுமா? மாமியார இல்ல, சாமி ரூம இல்ல. மாடில புறாக் கூண்ட. பட்டுப் பொடவையோட ஏணில ஏறினேன். அவரு பேரு நான் சொல்லக் கூடாது, கரண்டு பில்லுல தணிகாசலம்னு போட்டிருக்கும். கேரேஜ்ல வெல்டரா இருந்தாரு. அங்க இருந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மாடிதான். ரிட்டயர் ஆனதும் அந்த மிச்சமும் மாடிக்கே போயிடுச்சு.

எம் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கினு ஓசூர் போயிட்டா. பையன் துபாய். வூட்ல நானும் சுவரும். ஒரு வார்த்தை பேசணும்னா ஏணிக்குக் கீழ நின்னு கத்தணும். மேலருந்து பதிலு வரும், ஆனா அது எனக்கா புறாவுக்கான்னு தெரியாது. நீயே சொல்லு, சாப்பாடு வெச்சு ரெண்டு மணி நேரம் ஒருத்தி எத்தினி நாளுதான் காத்துக்கினு இருப்பா? அதான் எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்த மாடி ரூம்லருந்து புறாவ எல்லாம் காலி பண்ணிட்டு, ஒரு நல்ல குடும்பமா பாத்து குடி வெக்கணும். உன்ன மாதிரி ஒரு பொண்ணு வருவா, சாயந்தரம் ரெண்டு பேரும் பூ கட்டிக்கினே பேசலாம். வாடகை கூட பெரிசு இல்லம்மா. பேச ஆளு வேணும்.

இந்த ஆசைய வாய வுட்டு சொன்னதுதான் தப்பாப் போச்சு. என் வாய அடைக்கறதுக்கு அந்த மனுஷன் இன்னா பண்ணாரு தெரியுமா? எங்க கல்யாண நாளு. கொலுசு கேட்டிருந்தேன். காலைல பல்லாவரம் சந்தைக்குப் போறேன்னு போனவரு மத்தியானம் ஒரு வயர் கூடையோட வந்தாரு. உள்ள வெள்ளையா, சுருள் சுருளா ஒண்ணு. நான் காலிபிளவர்னு நெனச்சு நேரா அடுப்பங்கரைக்கு எடுத்துக்கினு போயிட்டேன். கூடையில கைய வுட்டா அது என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

லக்காப் புறா. விசிறி வாலு இருக்கும் பாரு, அது. மத்த புறாவுக்கெல்லாம் வாலுல பன்னெண்டு எறகுதான். இதுக்கு நான் எண்ணிப் பாத்தேன், முப்பத்தி நாலு. புறா ஆவாதவ எதுக்கு எண்ணினேன்னு கேக்காத, அன்னைக்குக் கரண்டு இல்ல. வாலு மயில் தோகை மாதிரி நட்டுக்கினு நிக்கும். நெஞ்ச முன்னாடி தள்ளி, தலையப் பின்னாடி சாய்ச்சு, நுனிக் கால்ல நடக்கும். எங்க கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஒரு டீச்சர் அப்படித்தான் நடப்பாங்க, முன்னாடி இன்னா இருக்குன்னே பாக்க மாட்டாங்க. அதான் டீச்சர்னு பேரு வெச்சேன்.

அவரு சொன்னாரு, மேல இருக்கிற முப்பத்தோரு புறாவும் என்னுது, இது ஒண்ணு உன்னுதுன்னு. எனக்கு வந்த கோவத்துக்கு மூணு நாளு அவரோட பேசல. நான் பேசலன்னு அவருக்குத் தெரியறதுக்கே ரெண்டு நாளு ஆச்சு.

டீச்சருக்குப் பறக்க வராது. அந்த வாலத் தூக்கிக்கினு எங்க பறக்கறது? மாடில சும்மா உலாத்தும், அவ்ளோதான். ஆனா புறாப் பந்தயம் வுடறவங்க எல்லாரும் ஒண்ணு ரெண்டு லக்கா வெச்சிருப்பாங்க, ஏன் தெரியுமா? மேல பறக்கிற புறா மணிக்கணக்கா மேலயே இருக்கும். கீழ வெள்ளையா லக்கா நடக்கிறதப் பாத்துச்சுன்னா, அதான் நம்ம வூடுன்னு எறங்கிடும். இந்த விஷயத்த நல்லா ஞாபகம் வெச்சுக்கோ, பின்னாடி வருது.

அந்த வருஷம் சித்திரை மாசம் பந்தயம். எங்க வூட்டுக்காரரு கிட்ட மேயர்னு ஒரு ஆம்பளைப் புறா இருந்துச்சு. கூண்டுக்குள்ள ஒவ்வொரு மூலையா போய் எட்டிப் பாத்துட்டு வரும், சாக்கடை அடைப்பு பாக்க வந்த மேயர் மாதிரி. அது இந்த வருஷம் கப்பு அடிக்கும்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. நான் சொன்னேன், அப்படி அடிக்கலன்னா? அவரு சொன்னாரு, அடிக்கலன்னா அத்தனையையும் குடுத்துடறேன், ரூம வாடகைக்கு வுட்டுக்கோன்னு. வாய் வார்த்தை எதுக்குன்னு நான் நேரா எல்லம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கினு போயிட்டேன். கற்பூரம் ஏத்தி அடிச்சு அணைச்சு சத்தியம் பண்ணாரு. மேயர் தோத்தா என் புறா ஒண்ணு கூட மாடில இருக்காதுன்னு அவரு. ஜெயிச்சா ஆயுசுக்கும் ரூமு பேச்சே எடுக்க மாட்டேன்னு நானு. கற்பூரம் அடிச்ச சத்தியத்துல வெளையாட முடியாதும்மா, கண்ணு போயிடும்.

பந்தயத்து ரூலு ரொம்ப சிம்பிள். காலைல ஆறரைக்கு எல்லார் வூட்டு மாடிலருந்தும் ஒரே நேரத்துல வுடுவாங்க. யாருது ரொம்ப நேரம் பறக்குதோ அதுக்குக் கப்பு. ஆனா தன் வூட்டு மாடிலதான் எறங்கணும். பக்கத்து வூட்ல எறங்கிச்சுன்னா ஆட்டத்துலயே இல்ல. கீழ யாரும் கைதட்டக் கூடாது, கொடி காட்டக் கூடாது, லக்காவெல்லாம் உள்ள அடைச்சு வெச்சுடணும். இதெல்லாம் பாக்கறதுக்கு ஒவ்வொரு மாடிலயும் ஒரு அம்பயரு. எங்களுக்கு வந்தவரு மோகனரங்கம்னு புளியந்தோப்புக்காரரு. குடைக்குக் கீழ சேர் போட்டு உக்காந்தவரு காலைல இட்லி எட்டு சாப்டாரு. நான் ஒண்ணும் எண்ணல, சட்டில கொறைஞ்சுது.

பத்து மணிக்குள்ள பாதி புறா எறங்கிடுச்சு. பன்னெண்டுக்கு ரெண்டே ரெண்டு. ஒண்ணு மேயரு, இன்னொண்ணு பக்கத்து வூட்டு டில்லிபாபுவோடது. ரெண்டு வூட்டு மாடிக்கும் நடுவுல ஒரு கைப்பிடிச் சுவருதான். டில்லிபாபு இந்தப் பக்கம் பாக்காம நிப்பான், இவரு அந்தப் பக்கம் பாக்காம நிப்பாரு, முப்பது வருஷமா அப்படித்தான். ஒரு மணி அடிச்சு பத்து நிமிஷத்துல டில்லிபாபுவோடது எறங்கிடும் போல இருக்குன்னு தெருவுல பேச்சு.

நான் அடுப்பங்கரைல இருந்தேன். டீச்சரும் என்கூட அங்கதான், ரூலு படி உள்ள அடைச்சு வெச்சிருந்துச்சு. மேயரு ஜெயிச்சுட்டா என் ஆசை அத்தோட போச்சு. ஆயுசு பூரா நானும் சுவரும்தான். அப்ப எனக்கு ஒரு யோசனை வரல, நான் சும்மாதான் இருந்தேன். துணி காயப் போடணும்னு மட்டும் தோணிச்சு. பக்கெட்டுல ஈரத் துணிய எடுத்துக்கினு ஏணில ஏறினேன். துணிக்கு மேல ஒரு காஞ்ச துண்டு. அந்தத் துண்டுக்குக் கீழ டீச்சரு எப்படி வந்து உக்காந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

சிரிக்காதம்மா. சரி, தூக்கி வெச்சேன்னே வெச்சுக்கோ. டில்லிபாபுவோடது எறங்கறதுக்கு முன்னாடி மேயரு எறங்கிடணும், அவ்ளோதான் என் கணக்கு. ஆனா ஏணிக்குப் பக்கத்துல அம்பயரு என்னை நிறுத்தி, எலுமிச்சம் சாதத்துக்கு ஊறுகா கெடைக்குமான்னு கேட்டாரு. மறுபடியும் எறங்கி ஊறுகா எடுத்தாந்தேன். பக்கெட்டையும் கூடவே எடுத்துக்கினு எறங்கினேன், எடுத்துக்கினு ஏறினேன். பக்கெட்ட ஏன் வுட்டுட்டுப் போவலன்னு அந்த மனுஷனுக்கு சந்தேகமே வரல, ஊறுகா மேலயே கண்ணு.

நான் திரும்ப மேல வரும்போது டில்லிபாபுவோடது எறங்கிடுச்சும்மா. அது எனக்கு எங்க தெரியும்? மணி ஒண்ணே கால். மேயரு அப்பவே ஜெயிச்சாச்சு, நம்ம மாடில வந்து எறங்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. எங்க வூட்டுக்காரரு கையில கம்புத் தீனி டப்பாவ வெச்சுக்கினு வானத்தயே பாத்துக்கினு நிக்கறாரு. காலைலருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. மேல ஒரு பொட்டு, அவ்ளோதான் மேயரு. நான் ஒரு பொடவைய ஒதறிப் போட்டேன், அந்த மறைவுல துண்ட எடுத்தேன்.

சித்திரை வெயில்ல மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வரும் பாரு, வந்துச்சு. டீச்சரோட வாலுல பூந்துச்சு. மழைக் காலத்துல குடை திருப்பிக்கும் இல்ல, அந்த மாதிரி டீச்சரு அப்படியே தூக்கிக்கினு கைப்பிடிச் சுவரத் தாண்டி டில்லிபாபு மாடில போய் விழுந்துச்சு. விழுந்துட்டு எழுந்து, நெஞ்ச நிமித்திக்கினு, ஒண்ணுமே நடக்காத மாதிரி நடக்குது. அங்க தண்ணி டேங்கு மேல கறுப்பா ஒரு கடுவன் பூனை படுத்துக்கினு இருந்துச்சு. அது மொள்ள எழுந்து ஒடம்ப நெட்டி முறிச்சுது.

மேலருந்து அந்தப் பொட்டு பெருசாவுது. மேயரு எறங்கறான். நம்ம மாடிக்கா, வெள்ளை தெரியற மாடிக்கா, அதுக்கே தெரியல, சுத்திக்கினே வருது. எங்க வூட்டுக்காரரு டப்பாவ ஒரு தடவ ஆட்டினா போதும், கம்பு சத்தத்துக்கு மேயரு நம்ம மாடிக்கே வந்துடும். டப்பாவ ஆட்டறது ரூலுக்கு விரோதம் இல்ல. ஒரே ஒரு ஆட்டு, கப்பு கையில, ரூமு அவருக்கு.

நான்தான் கத்தினேன். "ஐயோ என் டீச்சரு!"

என்னுதுன்னு அன்னைக்குத்தான் மொத மொதல்ல சொன்னேன்.

அந்த மனுஷன் திரும்பிப் பாத்தாரு. பூனையப் பாத்தாரு. டப்பாவ அப்படியே போட்டாரு, கம்பு மாடி பூரா சிதறிப் போச்சு. அறுபது வயசுக்காரரு சுவர ஏறிக் குதிச்சாரும்மா, லுங்கிய மடிச்சுக் கட்டக் கூட இல்ல. பூனை பாய, இவரு பாய, ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. எழுந்து பாத்தா முழங்கையில தோலு வழண்டிருக்கு, கையில டீச்சரு. வாலுல நாலு எறகு போச்சு. அந்த நேரத்துல மேயரு வந்து நேரா டில்லிபாபு மாடில எறங்கி, டீச்சர் எங்கன்னு சுத்திச் சுத்திப் பாக்குது. மோகனரங்கம் விரல நக்கிக்கினே நோட்டுல மேயரு பேர அடிச்சுட்டாரு.

சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து டீச்சர என் கையில குடுத்தாரு. "பூங்காவனம், உன் பொருள ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா?" அவ்ளோதான் கேட்டாரு. அடுப்பங்கரைல அடைச்சு வெச்சது மாடிக்கு எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கு வரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். கேக்காததால அழுதேன். பந்தயத்துல நான் ஜெயிச்சதுக்கு அம்மாம் பெரிய அழுகை.

சத்தியம்னா சத்தியம். மறு நாளே முப்பத்தோரு புறாவையும் டில்லிபாபுவுக்கே குடுத்துட்டாரு, மேயர் உட்பட. அவரே கைப்பட போர்டு எழுதி வாசல்ல மாட்டினாரு. அப்புறம் கீழ வந்து ஹால்ல உக்காந்தாரு. இதத்தான நான் முப்பது வருஷமா கேட்டேன்? வந்து உக்காந்தாரும்மா. ரசத்துல பெருங்காயம் பத்தலன்னாரு. சீரியல்ல அவ ஏன் அழறான்னாரு. காய நீள நீளமா நறுக்குன்னாரு. பத்தே நாளுதான். பதினோராவது நாளு நானே சொன்னேன், "மேல போய் டீச்சருக்குக் குளிக்கத் தண்ணி வெச்சுட்டு வாங்க"ன்னு. வாரத்துக்கு ரெண்டு தடவ அகலமான தட்டுல தண்ணி வெச்சா அதுவா எறங்கிக் குளிக்கும், இல்லன்னா பேன் புடிக்கும். போனவரு சாயந்தரம்தான் வந்தாரு. வரும்போது மூஞ்சி நல்லா இருந்துச்சு.

இன்னா ஆச்சுன்னா, மேயரு திரும்பி வந்துடுச்சு. டில்லிபாபு அடைச்சு வெச்சுப் பாத்தான், எறகக் கட்டிப் பாத்தான். தொறந்தா சுவரத் தாண்டி இங்க. டீச்சரோட ஜோடி சேந்துடுச்சு. டில்லிபாபுவும் அது பின்னாடியே வருவான், அது திரும்பற வரைக்கும் சுவர் மேல உக்காந்து இவரோட பேசுவான். முப்பது வருஷம் பேசாதவங்க, இப்ப மூச்சு வுடாம பேசறாங்க.

நான் வார்த்தை மாறலம்மா. அவரு புறா ஒண்ணு கூட மாடில இல்ல. மேயரு டில்லிபாபுவோடது. டீச்சரு என்னுது. குஞ்சு எல்லாம் டீச்சர் பெத்தது, அதனால என்னுது. எல்லம்மன் வந்து எண்ணிப் பாத்தாலும் கணக்கு சரியா இருக்கும்.

எத்தினி இருக்குமா? ஒரு பத்தொம்பது. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. காலைல கம்பு, சோளம், கொஞ்சம் பச்சைப் பயிறு. செங்கல்ல பொடி பண்ணி, முட்டை ஓடு, கல்லு உப்பு கலந்து ஒரு கிண்ணத்துல வெச்சுடணும், அதுங்களுக்குப் பல்லு இல்ல இல்ல, கல்லுதான் உள்ள போய் அரைக்கும். லக்காவுக்கு ஜோடி போடறதுக்கு முன்னாடி பின்பக்கத்து எறக கொஞ்சம் கத்திரிக்கணும், இல்லன்னா முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிடும். அத நான்தான் பண்ணுவேன், அவருக்குக் கை நடுங்கும். ரெண்டு முட்டை போடும். பகல்ல ஆம்பளை அடைகாக்கும், சாயந்தரத்துலருந்து காலை வரைக்கும் பொம்பளை. குஞ்சு பொரிஞ்சா ரெண்டுமே தொண்டைலருந்து பால் கக்கிக் குடுக்கும். ஆம்பளை கூடப் பால் குடுக்குதும்மா, பாத்துக்கோ. எங்க வூட்டுக்காரரு கிட்ட அதக் காட்டி, ஒரு பிள்ளைக்கு நீங்க ஒரு நாளு சோறு ஊட்டியிருப்பீங்களான்னு கேட்டேன். இப்பல்லாம் காப்பி அவருதான் போடறாரு, மேல எடுத்தாந்து குடுப்பாரு.

நான் மேல எதுக்குப் போறேனா? சும்மாதான். அவரு பாட்டுக்கு தனியா இருக்காரேன்னு.

குஞ்சுங்க மட்டும் ஒரு தினுசா இருக்கும். அப்பன் பந்தயப் புறா, ஆயி லக்கா. வாலு விசிறியாவும் இருக்காது, சாதாவாவும் இருக்காது, தையக்காரன் பாதில வுட்டுட்டுப் போன ஜாக்கெட் மாதிரி இருக்கும். பந்தய அசோசியேசன்காரங்க பாத்து சிரிக்கறாங்க. எனக்கு அதுங்கதான் அழகு. எவனுக்கோ தூக்கிக் குடுத்துட முடியுமா? நல்ல மனுஷங்களா பாத்துதான் குடுக்கணும். போர்டு இருக்கிறதால வாரத்துக்கு ரெண்டு குடும்பமாவது வருது, உக்காந்து மனசு வுட்டுப் பேசினா ஆளு எப்படின்னு தெரிஞ்சுடும். உன்னைப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

இன்னாம்மா, மணி பாக்கற? ஒரு மணி நேரமா ஆயிடுச்சு? உன் வூட்டுக்காரரு போனவரு போனவருதான். அதோ, எறங்கறாரு பாரு. ஹெல்மெட்ட தலைல மாட்டாம ரெண்டு கையால ஏந்திக்கினு எப்படிப் பதமா எறங்கறாரு. உள்ள துண்டு போட்டிருக்காரு. நான் பாக்காமயே சொல்லுவேன், ரெண்டு குஞ்சு இருக்கும். ஒண்ணு மட்டும் தர மாட்டாரு, தனியா இருந்தா ஏங்கிடும்.

அவரத் திட்டாதம்மா. மூஞ்சியப் பாரு, இந்த மாதிரி சிரிச்சு நீ எப்ப பாத்த? ஒண்ணும் பெரிய வேலை இல்ல, நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே. சந்தேகம் இருந்தா வா. நேருல வா, போன்ல வேணாம்.

ரூமா? அது உனக்குத்தாம்மா, இன்னா இப்படிக் கேட்டுட்ட. டீச்சரு முந்தாநேத்துதான் ரெண்டாவது முட்டை போட்டுச்சு. பதினெட்டு நாளு பொறு. அப்புறம் குஞ்சு தானா பொறுக்கித் தின்ன ஒரு மாசம். அதுக்குள்ள மறுபடியும் முட்டை போடாம இருந்துச்சுன்னா அன்னைக்கே பால் காய்ச்சிடலாம்.

வாசக் கேட்டச் சாத்திக்கினு போம்மா, பூனை வரும். போர்டு ஒரு பக்கமா சாஞ்சிருக்கும் பாரு, அத மட்டும் கொஞ்சம் நேரா வெச்சுட்டுப் போ.